ஸ்கார்வோய்க் கழிப்பறையும் நாட்டின் எண்ணெய் வளமும்

என் வீட்டுக் கழிப்பறையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு திருப்பியும் கொடுத்தது. எடுத்துக்கொண்டபோது பட்ட பாடு பெரிதா, திருப்பிக் கொடுத்த பிறகு படுகிற பாடு பெரிதா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் தகராறு ஓயவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யார் பக்கம் நியாயம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கவுத்தே. ஸ்தவாங்கரில் முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவன். ஊரில் பாதிப் பேர் எண்ணெயில் வேலை பார்த்தார்கள். எண்ணெய்க்கும் எனக்கும் இருந்த உறவு டீசல் நிரப்பியதோடு சரி. ஓய்வு பெற்றதும் நானும் மனைவி தோர்தீஸும் நகரத்து அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, அப்பா விட்டுப்போன ஸ்கார்வோய்த் தீவு வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். இனி திரும்பிப் போக நகரத்தில் எங்களுக்கு ஒரு மூலைகூடக் கிடையாது.

தீவு முழுக்கப் பாறை. வீட்டுக்குள் கழிப்பறை கட்ட வேண்டுமென்றால் வெடி வைக்க வேண்டும், வெடி வைத்தால் வீடும் கூடவே கிளம்பிவிடும் என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். ஆகவே எங்களுக்கு இருந்தது வெளியே, இருபது அடி தள்ளி, அப்பா ஐம்பத்தொன்றில் கட்டிய சிவப்புப் பலகைக் கழிப்பறை ஒன்றுதான். கதவில் இதய வடிவ ஓட்டை. உள்ளே ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கைகள். என் அப்பாவும் அம்மாவும் குடும்பத்தின் முக்கிய முடிவுகளையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் எடுத்தார்கள், என் பெயர் உட்பட. சுவரில் வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய பழைய ராஜாவின் படம். எங்கள் மூன்று தலைமுறையையும் பார்த்தும் முகம் சுளிக்காதவர். குழியில் சேர்வதை ஒவ்வொரு வசந்தத்திலும் மேலாக அள்ளி உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போடுவோம். தீவிலேயே எங்கள் கிழங்குதான் ருசி. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் எண்ணெய் நினைவு இயக்குநரகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் பகல் படகில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் இயக்குநர் விபேக்கே, ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கம்பளி, கண்ணில் எப்போதும் ஈரம். இன்னொருவர் பாதுகாப்பு அதிகாரி எய்விந். பத்து நிமிடப் பயணத்துக்கு அவர் கழுத்திலிருந்து கால்வரை ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடை மாட்டிக்கொண்டு, கையில் மூடி போட்ட காபிக் குவளையோடு வந்திருந்தார். அந்தப் படகில் என் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாக்கள் செருப்போடு போய் வருவார்கள்.

தோர்தீஸ் அப்பம் வார்த்து, பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்து, உள்ளே வாருங்கள் என்றாள். விபேக்கே ஏறி வந்துவிட்டார். எய்விந் வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

"கைப்பிடி இல்லாத படியில நான் ஏறுறதில்லைங்க. இருபத்திரண்டு வருஷம் கடல்ல எண்ணெய் எடுக்கிற மேடையில இருந்திருக்கேன், ஒரு தடவைகூட விழுந்ததில்ல."

"படி மொத்தமே மூணுதானேப்பா" என்றாள் தோர்தீஸ்.

"மூணு படியிலதான் நிறைய பேர் விழுறாங்க. நூறு படின்னா எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க."

அவரை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்து அப்பத்தை எட்டிக் கொடுத்தோம். அங்கிருந்தபடியே அவர் கூட்டத்தைத் தொடங்கினார். எண்ணெய்க்காரர்கள் எந்தப் பேச்சையும் பாதுகாப்பு அறிவுரை இல்லாமல் தொடங்க மாட்டார்கள். என் சமையலறைக்கு அவசர வழி ஒன்றுதான், தீப்பிடித்தால் எல்லோரும் உருளைக்கிழங்குப் பாத்தியில் கூட வேண்டும், அங்கே தலை எண்ணப்படும், அப்பம் சூடாக இருக்கிறது என்றார். எழுபத்தொரு வருடமாக இந்த ஆபத்துகளோடு வாழ்ந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் விபேக்கே பையிலிருந்து ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்தார். அறுபதுகளில் அமைச்சகத்தில் இருந்த, இப்போது உயிரோடில்லாத ஓர் அதிகாரி எழுதியது. அறுபத்து நான்கு ஜூலையில் ஒரு பக்கம். மீன் பிடிக்க வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, அமெரிக்க நிலவியலாளரும் நானும் ஸ்கார்வோயில் ஒரு கழிப்பறையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், கடலடி பற்றிப் பேசினோம், எழுதிய வரைவை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் இருந்தது. விபேக்கேவின் குரல் உடைந்துபோனது.

"கடலுக்கு அடியில இருக்கிறது யாருக்குச் சொந்தம்னு இந்த நாடு யோசிக்க ஆரம்பிச்ச இடம் இது, கவுத்தே. ரெண்டு மனுஷங்க, ரெண்டு ஓட்டை, ஒரே எண்ணம். அதுக்கு முன்னாடி நாம யாரு? மீனைக் காயப்போட்டுக்கிட்டு இருந்த ஜனங்க."

உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அப்போது பதினோரு வயது. நினைவிருந்தது. அமெரிக்கர் எனக்குச் சவ்வு மிட்டாய் கொடுத்தார். அப்பா ஒரு மணி நேரம் மழையில் நின்று, வெளியே வாருங்களய்யா என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். இதைச் சொன்னேன். தொடக்கக் கட்டத்திலேயே உள்ளூர் மக்கள் பெரும் ஆர்வம் காட்டினர் என்று விபேக்கே எழுதிக்கொண்டார்.

அந்த வரைவு எங்கே போயிருக்கும் என்று அடுத்துக் கேட்டார். தோர்தீஸ் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கழிப்பறைக்குள் கிடைத்த காகிதத்தையெல்லாம் என் அம்மா நான்காகக் கிழித்து ஆணியில் மாட்டிவிடுவாள். நாட்டின் முதல் எண்ணெய் ஆவணத்துக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல மனம் வரவில்லை.

அன்றைக்கே கழிப்பறையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். அப்படியானால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார் விபேக்கே. கருத்துக் கேட்பு நடக்கும், ஆறு வார அவகாசம் உண்டு, நீங்களும் பாதிக்கப்படும் தரப்பு என்பதால் உங்கள் தேவையை எழுத்தில் அனுப்பலாம் என்றார். தேவை தினமும் காலை ஏழு மணிக்கு வரும் என்றேன். அதையும் எழுதுங்கள் என்றார்.

அவர்கள் படகேறியதும் தோர்தீஸ் தட்டுகளைக் கழுவியபடி, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"இங்க பாரு கவுத்தே. நடுக்கோடை நாளுக்குள்ள என் கழிப்பறை எனக்கு வரணும். இல்லாட்டி நான் ஹாமர்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க ரெண்டு கழிப்பறை. ரெண்டுலயும் தரை சூடா இருக்கும்."

அவள் கோபத்தில் போனால் ஒரு வாரத்தில் வந்துவிடுவாள். ஆனால் சூடான தரையில் கால் வைத்தவர்கள் யாராவது ஸ்கார்வோய்க்குத் திரும்பி வருவார்களா? நாற்பத்தாறு வருடக் குடும்பம் ஒரு குழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கருத்துக் கேட்பு ஒழுங்காக நடந்தது. எங்கள் நாட்டில் அது மட்டும் எப்போதும் ஒழுங்காக நடக்கும். நாற்பத்து மூன்று அமைப்புகள் பதில் எழுதின. காட் மீனுக்குத் தொந்தரவு இல்லையென்றால் ஆட்சேபம் இல்லை என்றது மீனவர் சங்கம். எதிரியின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது கடற்படை. எங்கள் மொழிக்கு இரண்டு எழுத்து வழக்குகள் இருப்பதால் பெயர்ப் பலகை எந்த வழக்கில் என்று சண்டை வந்து, ஐந்து வாரம் கழித்து, இரண்டு பலகை வைப்பது, இடப்பக்க இருக்கைக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று சமாதானம் ஆனது. என் கடிதத்துக்கும் பதில் வந்தது. தங்கள் தேவை கவனத்தில் கொள்ளப்பட்டது என்று இருந்தது.

அதுவரை நாங்கள் பட்டதைச் சொல்லி மாளாது. படகுத்துறைக் கழிப்பறை இரண்டு கிலோமீட்டர், கடைசிப் படகு போனதும் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஸ்வெர்ரே தன் கழிப்பறையைத் தாராளமாகக் கொடுத்தான். ஆனால் வெளியே நின்றுகொண்டு, தன் இடுப்பு அறுவைச் சிகிச்சையை முதல் ஊசியிலிருந்து விவரிப்பான். எழுந்து போகவும் முடியாது, உட்கார்ந்து கேட்கவும் முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரே வரவேற்பு.

"வாய்யா, அருங்காட்சியகம் வச்சிருக்கிறவரே. உன் வீட்டு மியூசியத்துல டிக்கெட் கிடைக்கலையா?"

நான் இயக்குநரகத்துக்குத் தினமும் போன் செய்தேன். மே மாதக் கடைசியில் இரக்கப்பட்டு ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தார்கள். அதிகாரி உட்கார்ந்த இடப்பக்க இருக்கையை யாரும் தொடக் கூடாது. அமெரிக்கர் உட்கார்ந்த வலப்பக்க இருக்கையை, அனுமதிச் சீட்டு பெற்று, நாங்கள் பயன்படுத்தலாம். சீட்டுக்கு முந்தைய நாள் பகல் பன்னிரண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதினான்கு பக்கம். என்னென்ன தவறு நேரக்கூடும் என்று ஒரு கேள்வி இருந்தது. தாமதம் என்று எழுதினேன்.

இதைக் கண்காணிக்க எய்விந் தீவிலேயே கூடாரம் அடித்துத் தங்கிவிட்டார். எங்கள் மூன்று படிக்கும் கழிப்பறைப் பாதைக்கும் மஞ்சள் கைப்பிடி அடித்தார். காலையில் தலைக்கவசம், கண்ணாடி, கடல் முப்பது மீட்டரில் இருப்பதால் மிதவைச் சட்டை, எல்லாம் மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி நான் நடப்பேன். கதவருகில் அவர் இரண்டு நிமிடம் பாதுகாப்பு அறிவுரை சொல்வார். ஒருநாள் திடீரென்று எழுந்திருப்பதால் வரும் மயக்கம், இன்னொரு நாள் குளவி. நான் ஒரு காலில் நின்று கேட்பேன். உள்ளே வாயு கண்டறியும் கருவி ஒன்று மாட்டியிருந்தார்கள். அதைப் பற்றி என்ன சொல்ல? கழிப்பறையில் வாயு இருக்கத்தானே செய்யும். நான் உட்கார்ந்த மாத்திரத்தில் அது ஊளையிடும். உடனே எய்விந் எங்களை உருளைக்கிழங்குப் பாத்தியில் கூட்டித் தலை எண்ணுவார். நான், தோர்தீஸ், பூனை. பூனை வராவிட்டால் தேடிப் பிடிக்கும்வரை யாரும் கலையக் கூடாது.

"இவ்வளவு வருஷம் நீங்க உயிரோட இருந்தது வெறும் அதிர்ஷ்டம்" என்றார் ஒருநாள், உண்மையான அக்கறையோடு.

"இப்ப இருக்கிறதுதான் அதிர்ஷ்டம் இல்ல" என்று தோர்தீஸ் முனகினாள்.

ஜூன் முதல் வாரத்தில் விபேக்கே துளை போடும் எந்திரத்தோடு வந்தார். வரைவு குழிக்குள் விழுந்திருக்கலாம் என்று நிபுணர் குழு முடிவு செய்துவிட்டதாம். கழிப்பறைக்குப் பின்னால் எட்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுந்தது. பத்துப் பேர் வேலை செய்தார்கள். ஒருவர் துளை போட்டார், ஒன்பது பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டரில் பாறை வந்துவிட்டது. எடுத்த மண்ணை மரப்பெட்டியில் நீளமாக அடுக்கி, விபேக்கே குச்சியால் ஒவ்வோர் அடுக்காகத் தொட்டுக்காட்டி எனக்கு நாட்டின் எண்ணெய் வரலாற்றை விளக்கினார். நாங்கள் மேலாகத்தான் அள்ளுவோம் என்பதால் அடியில் அப்பா காலத்து வண்டல் அப்படியே இருந்தது.

இது எழுபதுகள், செழிப்பு, நம்பிக்கை என்றார். இங்கே எண்பதுகளின் நடுவில் அடுக்கு சட்டென்று மெலிகிறது பாருங்கள், உலகச் சந்தையில் விலை விழுந்த காலம் என்றார். அப்பாவுக்குப் பல்லெல்லாம் பிடுங்கிய வருடம் அது என்றேன். உள்ளூர்க் காரணிகளும் உண்டு என்று குறித்துக்கொண்டார்.

வரைவு கிடைக்கவில்லை. ஆனால் துளையிலிருந்து புஸ் என்று ஏதோ வந்தது. குழாயின் நுனியில் தீக்குச்சி காட்டினார்கள். பிறந்தநாள் மெழுகுவர்த்தி அளவுக்கு ஒரு நீலச் சுடர் எரிந்தது. பத்துப் பேரும் தலைக்கவசத்தைக் கழற்றி மரியாதை செய்தார்கள். விபேக்கே தேம்பி அழுதார். எய்விந் மட்டும் எல்லோரும் கவசத்தைத் திரும்ப மாட்டுங்கள் என்று அதட்டினார்.

அந்தச் சுடர்தான் எங்கள் தலையில் கொள்ளி வைத்தது. அடுத்த நாளே கடிதம். நிலத்தடியில் உள்ள வளம் அனைத்தும் நாட்டு மக்களுக்குச் சொந்தம், ஆகவே ஸ்கார்வோய்க் குழியில் இருப்பதும் இனி சேர்வதும் அரசுடைமை. எனக்கு ரத்தம் கொதித்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு விபேக்கேவிடம் போய், அது என்னுடையது, நானும் என் குடும்பமும் உழைத்து உண்டாக்கியது என்றேன். அவர் என்னைக் கனிவோடு பார்த்தார்.

"கடலுக்கடியில இருக்கிற எண்ணெயை உண்டாக்கினது யாரு, கவுத்தே? பாசி. கோடி கோடி வருஷம் கஷ்டப்பட்டு உண்டாக்குச்சு. பாசி எப்பவாவது வந்து உரிமை கேட்டுச்சா?"

சரி, உருளைக்கிழங்குப் பாத்திக்காவது எரு வேண்டுமே, செடி முளைவிட்டுவிட்டதே என்று கெஞ்சினேன். அதற்கும் ஒரு விதி இருந்தது. எண்ணெய் வளத்தை ஒரே தலைமுறை தின்று தீர்க்கக் கூடாது என்பது நாட்டின் பெருமை. வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று பங்குதான் எடுக்கலாம், மீதி வருங்காலச் சந்ததிக்கு. கணக்குப் போட்டு ஒன்றரை வாளி கொடுத்தார்கள். இப்போதே எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று விபேக்கே கேட்டார். எனக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் உண்டு. இதை அவர்கள் இதுவரை கேட்டதில்லை.

நடுக்கோடை நாள் வந்தது. அன்றைக்குத்தான் திறப்பு விழா என்றும் வைத்திருந்தார்கள். கழிப்பறை அன்றோடு நிரந்தர நினைவுச்சின்னம் ஆகிவிடும், வலப்பக்க இருக்கைக்கும் கண்ணாடி போட்டுவிடுவார்கள். தோர்தீஸ் காலையிலேயே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். மாலைப் படகுக்குச் சீட்டும் எடுத்திருந்தாள். நான் பெட்டியைப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி நடந்தேன். இந்தப் பெண் இல்லாமல் இந்தப் பாறையில் நான் என்ன செய்வேன்?

எண்ணெய்த் துறை அமைச்சர் ஷார்த்தான் மின்சாரப் படகில் வந்தார். அதற்கு வழியில் மின்சாரம் தீர்ந்துவிடாமல் இருக்க டீசல் எந்திரம் ஏற்றிய இன்னொரு படகு பின்னாலேயே வந்தது. எங்கள் நாட்டில் மந்திரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஷார்த்தான் நல்ல மனிதர், எல்லோருக்கும் கை கொடுத்தார், பூனைக்கும். விருந்துக்கு இறால் குவித்திருந்தார்கள். பாதுகாப்பு அறிவுரை, இரண்டு எழுத்து வழக்கிலும் தனித்தனி வரவேற்புரை, ஊதுகுழல் இசை எல்லாம் முடிவதற்குள் இறால் இரண்டரை மணி நேரம் வெயிலில் இருந்துவிட்டது. ஷார்த்தான் அதில் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் பேச எழுந்தார்.

"எண்ணெய்க் காலம் முடிஞ்சு போச்சு. இதை எந்த நாடும் நம்ம அளவுக்குத் தைரியமா சொன்னதில்ல. எண்ணெய் இல்லாத எதிர்காலத்துக்கு நாம மாறியே ஆகணும். மாறுறதுக்கு நிறைய செலவாகும். அந்தச் செலவுக்குத்தான் எண்ணெய் எடுக்கிறோம். மாற மாற இன்னும் எடுக்கணும். நாம எவ்வளவு வேகமா நிறுத்துறோமோ, அவ்வளவு வேகமா எடுத்தாகணும்..."

இந்த இடத்தில் நிறுத்தினார். கூட்டம் கைதட்டியது. ஆனால் அவர் கைதட்டலுக்காக நிறுத்தவில்லை என்று முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டிய எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அந்த முகத்தைக் கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்து, நிறுத்தமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். ஷார்த்தான் மேடையிலிருந்து இறங்கிக் கழிப்பறையை நோக்கி நடந்தார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. எய்விந் குறுக்கே நின்றார்.

"சீட்டு எடுத்திருக்கீங்களா, ஷார்த்தான்? நேத்து பன்னிரண்டுக்குள்ள கேட்டிருக்கணும்."

ஷார்த்தான் ஏதோ சொன்னார். சொற்களாக வரவில்லை. விபேக்கே ஓடிவந்து, அவசர வழிமுறை ஒன்று உண்டு, நாற்பது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றார். அமைச்சர் வெளுத்துப்போய்க் கைப்பிடியைக் கடைசியில் பிடித்தே விட்டார். அப்போது தோர்தீஸ் வந்தாள். ஊருக்குப் போகிற உடுப்போடு, கையில் துடைப்பத்தோடு வந்து, எய்விந்தை மெல்ல ஒதுக்கி, மஞ்சள் நாடாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள போ ஷார்த்தான். ரெண்டு மாசமா நாங்க படுற பாடு உனக்கு ஒரு நாளாவது தெரியட்டும்னுதான் நினைச்சேன். ஆனா முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கு."

அவர் போனார். அவசரத்தில் வலமா இடமா என்று பார்க்கவில்லை. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். கருவி ஊளையிட்டது. எய்விந் இருநூறு விருந்தினரையும் உருளைக்கிழங்குப் பாத்தியில் கூட்டித் தலை எண்ணினார். ஒன்று குறைந்தது. அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும் மூன்று முறை எண்ணினார்.

அங்கேயே, என் கிழங்குச் செடிகளை மிதித்துக்கொண்டு, இயக்குநரகம் அவசரக் கூட்டம் நடத்தியது. சிக்கல் பெரிது. நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் தண்டனை உண்டு. அமைச்சர் நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தமாட்டார். ஆகவே அவர் உள்ளே செய்துகொண்டிருப்பது சேதமாக இருக்க முடியாது. அப்படியென்றால் அது என்ன? கடைசியில் விபேக்கேதான் கண்டுபிடித்தார். உற்பத்தி. உற்பத்தி நடக்கும் இடம் நினைவுச்சின்னம் ஆகாது, அது வயல். எண்ணெய் வயலுக்கு என்ன சட்டமோ அதுதான் இதற்கும். வயலை நடத்த அனுபவமுள்ள ஒருவருக்கு உரிமம் தர வேண்டும். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இந்தத் துறையில், இந்த இடத்தில், எனக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் இல்லை என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஷார்த்தான் வெளியே வந்தபோது பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். உரிமத்தில் உடனே கையெழுத்துப் போட்டார். நாடாவை அவிழ்த்தார்கள், வாயுக் கருவியைக் கழற்றி அந்த இடத்தில் ஓர் உற்பத்தி அளவுமானியை மாட்டினார்கள், கூடாரத்தைச் சுருட்டினார்கள். மாலைப் படகில் எல்லோரும் போனார்கள், தோர்தீஸைத் தவிர. அவள் பெட்டியை உள்ளே இழுத்துப்போட்டுவிட்டு நேரே கழிப்பறைக்குப் போனாள். நானும் போனேன். தலைக்கவசம் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில், கதவைத் திறந்து போட்டுக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அழுதுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகஸ்டில் மகள் வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு பெர்கனுக்குப் போய் நான்கு நாள் தங்கினோம். தேவாலயத்தில் பாதிரியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது என் போன் அடித்தது. விபேக்கே. உற்பத்தி மூன்று நாளாகப் பூஜ்யம், கிணறு அடைத்துக்கொண்டதா என்று கேட்டார். பெர்கனில் இருக்கிறேன், இங்கேயே போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். ஸ்கார்வோயின் வளத்தை வேறு மாவட்டத்தில் இறக்குவதற்கு உரிமத்தில் இடமில்லை என்றார்.

வீடு திரும்பியதும் எய்விந் மூன்று படியையும் கைப்பிடித்து ஏறி வந்தார். உரிமத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். நான் படிக்காத பக்கம். வயலை நடத்துபவர் ஆண்டு முன்கணிப்பை எட்ட வேண்டும். முன்கணிப்பை அன்றைக்கு அமைச்சர் கொடுத்த அளவை வைத்துப் போட்டிருந்தார்கள். இறாலைக் கணக்கில் சேர்க்கவில்லையா என்று கேட்டேன். சாதகமான நிலத்தியல் சூழல் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார். குறையும் வயலில் தண்ணீரை உள்ளே செலுத்தி உற்பத்தியைக் கூட்டுவதில் நம் நாடுதான் உலகத்துக்கே முன்னோடி என்று சொல்லி, தினம் மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் குடித்தேன். என்ன குடித்தும் எழுபத்தொரு வயது எழுபத்தொரு வயதுதான். போன வியாழக்கிழமை பொறுமை போய் நானே விபேக்கேவுக்குப் போன் செய்தேன். எனக்கு இந்த உரிமம் வேண்டாம், குழியை மண் போட்டு மூடிவிடுகிறேன், நாங்கள் வாளியில் போய்க்கொள்கிறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. குரலில் அதே கனிவு.

"மூடலாம் கவுத்தே, தாராளமா மூடலாம். திட்டத்துல இருக்கு, ரெண்டாயிரத்து அறுபத்தெட்டுல. ஆனா இப்பவே நீங்க நிறுத்திட்டா உலகத்துல தேவை நின்னுடுமா? அந்த இடத்தை ஸ்வீடன்காரன் பிடிச்சுக்குவான். அவனோடது உங்களோடது மாதிரி சுத்தமா இருக்குமா?"

இரண்டாயிரத்து அறுபத்தெட்டில் எனக்கு நூற்றுப் பதினைந்து வயதாகும் என்றேன். உங்கள் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தோர்தீஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்கி, வயிற்றை இளக்கும் உலர்ந்த பிளம்ஸ் பழக் கூழை என் கிண்ணம் வழிய வழிய ஊற்றி, அதன்மேல் பாலேட்டையும் விட்டு என் முன்னால் தள்ளினாள்.

"பேசாம சாப்பிடு. நாடு காத்துக்கிட்டு இருக்கு."